தூண் இல்லாத போர்டிகோ

போன வாரம் உங்களில் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். கல்வராயன் மலையில் நீங்கள் வடிவமைக்கும் தங்கும் விடுதியின் படங்களைக் கைப்பேசியில் காட்டினீர்கள். பூசாத சிமெண்ட் சுவர், சட்டமே இல்லாத கண்ணாடி, காற்றில் தொங்கும் மாடிப்படி, கூடத்தோடு சேர்ந்த சமையலறை. டென்மார்க்கில் இப்போது இப்படித்தான், ஜப்பானில் இப்படித்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைச் சொன்னீர்கள். மலைக்காரர் வீட்டு மண்சுவர் போலத் தெரிவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெயிண்ட் வருகிறதாம். அதையும் காட்டினீர்கள். அந்த மலையில் மண்ணுக்குப் பஞ்சமில்லையே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

கிளம்பும்போது உங்களில் ஒருவர், "மேடம், உங்க காலத்துல இந்த மாதிரி டிரெண்ட் எல்லாம் கிடையாது இல்ல?" என்று கேட்டார்.

இருந்தது. எங்களிடமும் வந்தது. தபாலில், ஆறு மாதம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் ஒன்றை நான் அதே மலையில் கட்டினேன், இடித்தேன், மறுபடியும் கட்டினேன். வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும் என்பதால் எழுதித் தருகிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் பாலிடெக்னிக்கில் கட்டட வரைகலை படித்தது இட ஒதுக்கீட்டில். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தச் சொல்லிப் பலர் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். தாழ்த்தியதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆர்க்கிடெக்டிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சார் அதிகம் பேசமாட்டார். வெளிநாட்டுக் கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்று அவருக்கு வந்துகொண்டிருந்தது. அவர் படித்து முடித்ததும் என் மேசைக்கு வரும். எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரியும், படங்கள் முழுவதும் புரியும். அப்போது உலகமெங்கும் கட்டடங்களிலிருந்து தூண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்து ஒரு ஸ்லாப் புறப்படும், காற்றில் நீண்டு நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. எங்கள் வட்டாரத்தில் பணக்கார வீடு என்றாலே போர்டிகோவில் இரண்டு பருத்த தூண்கள் நிற்கும். தூணின் பருமனில்தான் குடும்பத்தின் பெருமை. தாங்குவதற்கு எதையும் வெளியே காட்டாமல் நிற்கும் அந்த ஸ்லாப் எனக்கு வேறு எதையோ சொன்னது.

ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைக் கட்ட முடியாது. காரணம் பின்னால்தான் கிடைத்தது.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் அறக்கட்டளை சிறிய பிரசவ விடுதி ஒன்றைக் கட்ட முடிவு செய்தது. மலையில் உள்ள பெண்கள் மாதம் நெருங்கியதும் வந்து தங்கிப் பிள்ளை பெற்றுக்கொண்டு போகலாம். வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அறக்கட்டளையின் செயலாளர் சமவெளியில் பெரிய கரும்பு விவசாயி. நல்ல காரியம் செய்யவேண்டும் என்ற ஆசை நிஜமாகவே உள்ளவர். புதிதாக ஒரு ஜீப் வாங்கியிருந்தார், அதைத் தானே ஓட்டி வருவார். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "மலைஜனங்களுக்கு இன்னாத்துக்கும்மா ஜாஸ்தி டிசைனு? நாலு செவுரு, மேல ஷீட்டு. அதுவே அதுங்களுக்கு அரமன."

அந்த 'அதுங்களுக்கு' என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து வரையவைத்தது.

பத்திரிகையில் வேறொரு கட்டுரை வந்திருந்தது. பல நாடுகளில் ஆஸ்பத்திரியை வீடு போல மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வெளியே தெரியும்படி ஜன்னலைத் தாழ்த்துவது, வெள்ளைக்குப் பதில் கண்ணுக்கு இதமான நிறம், பிரசவ அறையில் துணைக்கு வந்தவள் உட்கார ஓர் இடம். நான் ஜன்னலை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். தரைக்குச் சிவப்புக் காவி போட்டேன். சுவரோடு சேர்த்து ஒரு மேடை வைத்தேன். சார் பார்த்துவிட்டு ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை.

முகப்பு மட்டும் பிடிபடவில்லை. அதைத் தீர்த்துவைத்தது அலமேலு.

அலமேலு பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். அடித்தளம் தோண்டும் வேலைக்குச் சித்தாளாக வந்தவள். அவளுடைய அண்ணியைப் பிரசவ வலியோடு மலையிலிருந்து இறக்கும்போது வழியிலேயே இழந்திருந்தார்கள். நான் தரையில் சுண்ணாம்பால் போர்டிகோவின் தூண்களுக்கு இரண்டு கட்டம் போட்டதைப் பார்த்துவிட்டு அவள் கூடையை இறக்கினாள்.

"இங்க தூணு வெக்கப் போறியா?"

"ஆமா."

"கழி இடிக்குமே."

எனக்குப் புரியவில்லை. அவள் நடந்து காட்டினாள். வலியெடுத்தவளை நீளமான மூங்கில் கழியில் சேலையைத் தூளி போலக் கட்டித் தூக்கி வருவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பாதை அங்கே ஒடுக்கம், ஒரு பக்கம் சரிவு. வாசலில் கழியோடு திரும்பவேண்டும் என்றால் தூண் குறுக்கே நிற்கும். ஜீப் வந்தாலும் திரும்ப முடியாது.

"மழ பேஞ்சா நனையாம எறக்கணும். தூணும் இருக்கக்கூடாது. அதுக்கு ஒனக்கு வழி தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். சுவரிலிருந்து ஏழடி வெளியே நீண்டு, கீழே ஒன்றும் இல்லாமல் நிற்கும் ஸ்லாப். அன்று வரை அது எனக்கு ஒரு வெளிநாட்டுப் படம். அந்த நிமிஷத்திலிருந்து அது ஒரு மூங்கில் கழி திரும்புவதற்கான இடம்.

கட்டட வேலையை ஏற்றிருந்த ஆறுமுகம் மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தூணு இல்லாம எப்பிடிம்மா நிக்கும்?" என்றார். விளக்கினேன். ஸ்லாப்பின் பின்பாதியைக் கட்டடம் பிடித்துக்கொள்ளும். முன்பாதி கீழே சாயப் பார்க்கும். அதை மேலே இருந்து இழுத்துப் பிடிப்பது கம்பி. அதனால் கம்பி ஸ்லாப்பின் மேல்பக்கத்தில் கிடக்கவேண்டும், கீழே இறங்கக்கூடாது. மேஸ்திரி இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். செயலாளருக்கும் பிடித்துப்போனது. அவருடைய வீட்டுப் போர்டிகோவில்கூட இல்லாத ஒன்று அவர் பெயர் பொறித்த கட்டடத்தில் வருகிறது என்பதால்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

மற்ற அறைகள் எல்லாம் முடிந்து, முன்னறைக்கும் போர்டிகோவுக்கும் சேர்த்து ஸ்லாப் போடும் நாள் நெருங்கியபோது வட மாவட்டங்களில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். தேவையான சிமெண்டில் பாதிதான் மலைமேல் இருந்தது. மீதி கள்ளக்குறிச்சியிலிருந்து லாரியில் விடியற்காலை கிளம்பும், மறியல் தொடங்குவதற்குள் மலையேறிவிடும் என்று கணக்குப் போட்டேன். மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்து நின்றார்கள். முழுச் சிமெண்டும் கண்ணுக்கு முன்னால் அடுக்கப்படாமல் ஸ்லாப்பைத் தொடங்கக்கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே தொடங்கச் சொன்னேன்.

பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கலவையைப் போட்டுக்கொண்டு வந்தோம். பத்து மணிக்கு லாரி வரவில்லை. அப்போதே அறையின் நடுவில் நிறுத்தியிருக்கலாம். அங்கே நிறுத்தி, மறுநாள் புதுக் கலவையை ஒட்டினால் பெரிய ஆபத்தில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று கடைசி மூட்டை வரைக்கும் போகவிட்டேன். வேலை வந்து நின்ற இடம் முன்சுவரின் விளிம்பு. ஸ்லாப் காற்றில் காலெடுத்து வைக்கும் இடம். ஒட்டே இருக்கக்கூடாத ஓர் இடம் அந்தக் கட்டடத்தில் உண்டென்றால் அதுதான்.

வாடகை ஜீப் ஒன்றில் கீழே இறங்கினேன். வடக்கனந்தலில் பெரிய புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் லாரி தெரிந்தது. மரத்தின்மேல் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடும் விவசாயி, ஐம்பது வயது இருக்கும். அவர்தான் அங்கே முடிவு சொல்பவர் என்று பார்த்ததும் தெரிந்தது.

"அண்ணா, அந்த லாரிய வுடுங்க. மலையில பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக்கினு கீறோம். ஸ்லாப்பு பாதியில நிக்குது."

"நீ யாரு?"

"நான்தான் அங்க வேல பாக்கறேன். பிளான் போட்டது நான்."

"எந்த ஊரு?"

சொன்னேன். அடுத்த கேள்வி எதுவென்று உங்களுக்கே தெரியும். கேட்டார். அதையும் சொன்னேன். மரத்தின்மேல் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப கோட்டாவுல படிச்சியா?"

"ஆமாண்ணா."

அவர் என் கையில் இருந்த வரைபடச் சுருளைப் பார்த்தார். "எம் பொண்ணு பத்தாவது படிச்சிக்கினு கீறா. அதுவும் ஒரு நாளு இப்பிடி ஒரு சுருளப் புடிச்சிக்கினு நிக்கணும்னுதான் நாங்க இங்க ஒக்காந்துகினு கீறோம். ஒன் லாரிய வுட்டா, பின்னாடி நிக்கிற நாப்பது லாரிக்கு இன்னா பதில் சொல்றது?"

"வலியோட ஒருத்தி வந்தா வுடுவீங்களா?"

"காலையிலேர்ந்து மூணு வண்டிய வுட்டோம். மரத்த நாங்களே நவுத்தி வுட்டோம். செமண்ட்டு மூட்டைக்கு வலிக்காதும்மா."

அவர் கேட்பது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த வாசல் வழியாகத்தான் நானும் வந்தேன். ஆனால் லாரி எனக்கு வேண்டியிருந்தது. இரண்டும் உண்மையாக இருந்தன. டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். வந்த வாடகை ஜீப் அதற்குள் போய்விட்டிருந்தது, மலைக்குத் திரும்ப வேறு வண்டி இல்லை. மேஸ்திரியின் தங்கை வீடு அந்த ஊரில்தான். அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் அடிவாரம் வரை சைக்கிளிலும் அதற்குமேல் நடந்தும் மலையேறினேன்.

மேலே போய்ப் பார்த்தால் போர்டிகோ முடிந்திருந்தது.

செயலாளர் சேலம் பக்கமாகச் சுற்றி, கருமந்துறை வழியாகத் தன் ஜீப்பிலேயே சிமெண்ட் கொண்டுவந்து சேர்த்திருந்தார். நாலு நடை. ஜீப்பின் பின்சீட்டெல்லாம் வெள்ளைப் பொடி. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். "பாத்தியா? நீ கீழ மாட்டிக்கினாலும் நாங்க வுடல" என்று சிரித்தார். ஏழடி ஸ்லாப் கண்ணாடி போல வழுவழுப்பாக, மூங்கில் முட்டுகளின்மேல் நின்றது. நான் பத்திரிகையில் பார்த்தது மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம் மனம் நிறைந்துபோனது. பொய் சொல்லவில்லை.

பிறகு மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பழைய விளிம்பக் கொத்தி வுட்டுத்தான் போட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "நேரமில்லம்மா. நைட்டு மழ பேஞ்சி சேறு வேற எறங்கிக் கெடந்தது. தண்ணி ஊத்திக் கழுவினோம்."

"கம்பி?"

கரண்டியில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினார். "ஆளுங்க மேல நடந்துகினே போட்டாங்க. மெரிச்சி மெரிச்சி கம்பி எறங்கிடுச்சி. எவ்ளோன்னு தெரியல. நான் தூக்கி வுடச் சொன்னேன். அவுரு நேரமாவுதுன்னாரு."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒட்டு விழக்கூடாத இடத்தில் ஒட்டு. மேலே இருக்கவேண்டிய கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியாது. முட்டுகளை எடுத்தால் அது நிற்கலாம். விழலாம். உடனே விழாமல், மழையில் பத்துப் பேர் ஒதுங்கி நிற்கும் ஒரு நாளில் விழலாம். சார் சென்னையில் கண் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார். கட்டு அவிழ்த்து ஊர் திரும்ப மூன்று வாரம் ஆகும். அது வரைக்கும் எனக்கு மேலே யாரும் இல்லை.

வேலைப் பதிவேட்டை எடுத்து எழுதினேன்: 'போர்டிகோ ஸ்லாப் பாதுகாப்பானதல்ல. முட்டுகளை எடுக்கக்கூடாது. மேலிருந்து உடைத்து எடுக்கவேண்டும். முழுச் சிமெண்ட் இல்லாமல் வேலையைத் தொடங்கியது என் தவறு.' கையெழுத்துப் போட்டேன்.

செயலாளர் படித்துவிட்டு என்னையே பார்த்தார். "இன்னா வெளையாட்டு இது? பன்னெண்டு நாள்ல தொறப்பு விழா. பத்திரிக அடிச்சிக் குடுத்தாச்சி. பெரிய மனுஷங்க வராங்க."

"விழா நடக்கட்டுங்க. போர்டிகோ இல்லாம நடக்கட்டும்."

"பாத்தா சிலேட்டு மாதிரி கீது. இத ஒடைக்கச் சொல்றியே. ஆறுமுகம் முப்பது வருஷமா ஸ்லாப்பு போட்றாரு. நீ நேத்து வந்த பொண்ணு. கோட்டாவுல படிச்சி வந்தா இப்பிடித்தான், பயம். கையில தெறம இருந்தா பயம் வருமா?"

சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"ஆமாங்க, கோட்டாவுலதான் படிச்சேன். ஸ்லாப்புக்கு அது தெரியாதுங்க. கம்பி கீழ எறங்கிட்டா, யாரு வரைஞ்சிருந்தாலும் அது கீழதான் வரும்."

அடுத்த பத்து நாளும் தினமும் அந்தச் சண்டைதான். நடுவில் அவர் நல்லபடியாகவும் வந்தார். "சரி, ஒடைக்க வாணாம். ரெண்டு தூணு வெச்சிடலாம். ஒனக்கும் மானம் போவாது, எனக்கும் நாளு போவாது" என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். உங்கள் வாழ்க்கையில் மிரட்டலைவிட இந்தக் குரல்தான் அதிகம் வரும். நான் ஒரு முழு நாள் அதை யோசித்தேன். தூண் கொடுத்தால் ஸ்லாப் வேறு மாதிரி வளையும், அப்போது கம்பி கீழே ஒழுங்காக இருக்கவேண்டும். நம்முடையது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எங்கே என்றே தெரியாத கம்பிக்குத் தூண் வைப்பது, பெயர் தெரியாத நோய்க்கு மாத்திரை கொடுப்பது. தவிரவும் கழி இடிக்கும். முடியாது என்றேன்.

என்னை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்குக் கடிதம் போனது. கள்ளக்குறிச்சியில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் எனக்குக் கேட்கும்படி, "மரத்த வெட்டிப் போராடி வாங்கி இன்னா பண்றது, இத மாதிரி கட்டி ஒடைக்கறதுக்கா?" என்று சிரித்தார். உடைத்தால் இவர்கள் எல்லோரும் சொன்னது சரி என்றாகிவிடும் என்று தோன்றியது. இவளுக்கு எதற்கு வெளிநாட்டு டிசைன், இவளுக்கு எதற்கு ஸ்கேல் பென்சில் என்பார்கள். பேசாமல் இருந்தால் ஒருவேளை நின்றுவிடும், நான்தான் தூணில்லாமல் கட்டியவள் என்ற பெயர் கிடைக்கும். அந்த 'ஒருவேளை'யோடு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. என் கௌரவத்தைக் காப்பாற்ற அலமேலுவின் தலைமேல் பந்தயம் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டபின் பதில் தானாக வந்தது.

பத்தாம் நாள் காலை. சுண்ணாம்பு அடிக்கவும் பந்தல் போடவும் ஆட்கள் வந்திருந்தார்கள். செயலாளர் ஜீப்பைச் சரிவோரம் நிறுத்திவிட்டு இறங்கினார். "ஆறுமுகம், முட்டெல்லாம் எடு."

நான் ஸ்லாப்பின் அடியில், முட்டுகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

"எடுக்கறதுன்னா நான் இருக்கும்போதே எடுங்க."

இதை நீங்கள் செய்யாதீர்கள். உயிரைப் பணயம் வைத்துத்தான் பேச்சைக் கேட்கவைக்க முடியும் என்ற நிலைக்கு வந்தது என்னுடைய தோல்வி. காவல்துறைக்கு எழுதியிருக்கலாம், கலெக்டருக்கு எழுதியிருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. கோபம்தான் இருந்தது.

மேஸ்திரி கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போது அலமேலு, தலையில் இருந்த தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"ஏங் கவுண்டரே, இதும் கீழ நிக்கப் போறது நாங்கதான?"

"ஒங்களுக்காகத்தான கட்டறேன்" என்றார் செயலாளர்.

"அப்ப ஒண்ணு செய்யி. ஒன் ஜீப்ப கொண்டாந்து இதுக்கடியில நிறுத்து. அப்பறம் முட்ட எடுக்கட்டும். ஜீப்புக்கு ஒண்ணும் ஆவலன்னா நாங்களும் வந்து நிக்கறோம்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. மலைக்காரர்கள் பேசுவது அப்படித்தான், வாங்க போங்க என்ற பூச்சு இருக்காது, கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவார்கள்.

செயலாளர் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். ஸ்லாப்பைப் பார்த்தார். மறுபடியும் ஜீப்பைப் பார்த்தார். சாவி கையில்தான் இருந்தது. அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகம் மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். "நான் முட்ட எடுக்க மாட்டங்க. ஒடைக்கச் சொன்னா ஒடைக்கறேன். போட்டது நான். கம்பி எறங்கினது எனக்குத் தெரியும்" என்றார்.

செயலாளர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானம் மேலேறி உடைக்கத் தொடங்கினோம். சம்மட்டியை வாங்கி முதல் அடியை நான் அடித்தேன்.

உடைத்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒட்டு, ஓரிடத்தில் கடப்பாரை பட்டதும் பலகை போலப் பிரிந்து வந்தது. இன்னோர் இடத்தில் நன்றாகப் பிடித்திருந்தது, உடைக்கவே பாடுபட்டோம். கம்பியில் சில மேலே இருந்தன, பல கீழே இறங்கியிருந்தன. அது விழுந்திருக்குமா? தெரியாது. இன்று வரை தெரியாது. நாற்பது வருஷம் நின்றிருக்கலாம். இந்தத் தொழிலில் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவுகள் பலவற்றுக்கு, சரி என்று சொல்லும் சாட்சி கடைசி வரைக்கும் வராது. அது வந்தபிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால், அந்தச் சாட்சி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்.

திறப்பு விழா தள்ளிப்போனது. பெரிய மனிதர்கள் வரவில்லை. சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பதிவேட்டைப் படித்தார். பாராட்டவில்லை. "முழு சிமெண்டும் வராம ஏன் ஆரம்பிச்சே?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நான் அழுதேன். அழுது முடிக்கும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூண் வெச்சிடலாமா?" என்றார்.

"வேணாம் சார். மறுபடியும் அதே மாதிரிதான் போடணும்."

"ஏன்? வீம்பா?"

"வீம்பும்தான் சார். ஆனா கழி திரும்பணும்."

அறக்கட்டளைக்கு அவர் எழுதிய பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டே வரி. வரைந்தவரே முடித்துக் கொடுப்பார், இல்லையென்றால் எங்கள் அலுவலகம் விலகிக்கொள்ளும். செயலாளர் என்னோடு அதற்குப்பின் பேசியதில்லை. அந்த அறக்கட்டளையின் வேறு வேலை எதுவும் எங்களுக்கு வரவில்லை. ஆனால் சிமெண்டுக்குத் தடை சொல்லவில்லை.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? உங்கள் படங்களைக் கிழிப்பதற்கு இல்லை. புதியது என்றால் நமக்கு எதற்கு என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் சொல்வதன் அர்த்தம், உனக்கு எதற்கு என்பதுதான். உலகத்தில் எந்த மூலையில் நல்லது வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அந்த மலையில் அது யாருக்கு, எதற்கு என்று ஒரு சித்தாளிடமாவது கேளுங்கள். அவள் சொல்லும் காரணம் படத்தோடு பொருந்தவில்லை என்றால் படத்தை மாற்றுங்கள். பொருந்தினால் பிறகு யாருக்காகவும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்களே வரைந்தது பிழையாகக் கட்டப்பட்டிருந்தால், உடைக்கச் சொல்லி எழுதுங்கள். உங்கள் தவறையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பெயர் கெடும். கெடட்டும். எனக்கும் கெட்டது. அதற்குப்பின் முப்பது வருஷம் வேலை செய்தேன்.

இரண்டாவது முறை, மூன்று மாதம் கழித்து, சிமெண்ட் முழுவதும் வந்து அடுக்கியபின்தான் கலவை போட்டோம். கம்பி இறங்காமலிருக்க அடியில் சிறு சிறு கம்பிக்கால்கள் வைத்தோம். ஆட்கள் நடக்கத் தனிப் பலகை போட்டோம். இருபத்தெட்டு நாள் முட்டுகளைத் தொடவில்லை.

முட்டு எடுக்கும் அன்று மலைக் கிராமத்திலிருந்து முப்பது நாற்பது பேர் வந்து சரிவில் உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் இந்த முறை அடியில் நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்று, விளிம்பு தாழ்கிறதா என்று அறியக் கட்டியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி முட்டு விழுந்தது. கொஞ்சம் தூசு கொட்டியது. ஸ்லாப் அப்படியே நின்றது. எல்லோரும் இன்னும் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள். கால்மணி நேரம் ஆயிற்று.

நிறைமாத வயிற்றோடு அலமேலு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அதன் அடியில் நடந்துபோனாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்" என்றேன்.